தரையை மட்டமாக்க ஏற்ற நேரம்

1

ஒரு படத்துக்குச் சட்டம் போடக் கொடுக்கப் போய், இந்தக் கதையோடு திரும்பி வந்தேன். கடைக்காரர் சொன்ன கதை. சொல்லும்போது அவர் கையில் சுத்தியலும் வாயில் இரண்டு ஆணிகளும் இருந்தன. அதனால் சில இடங்கள் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவற்றை நானே நிரப்பியிருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள், இப்போது எனக்கே தெரியாது.

அவரைத் தெருவில் எல்லோரும் 'சட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைப் பலகையில் 'இங்கே சட்டம் போடப்படும்' என்று எழுதியிருக்கும். அதை நம்பி ஒருவர் ஒருமுறை எல்லைத் தகராறு ஒன்றைக் கொண்டு வந்துவிட்டார். சட்டம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "மரத்துலயா, அலுமினியத்துலயா?" என்று கேட்டாராம்.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்பவரின் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், இவர் காலடியில் இன்னொன்று இருக்கும். அந்த ஊரில் பாதிப் பேர் அந்த இரண்டாவது பிரேக்கின் தயவில் உயிரோடு இருக்கிறார்கள். அவருக்குப் பெயர் 'பிரேக் அக்கா'.

எழுதிக்கொள்ள இருவரும் சம்மதித்தார்கள். ஆளுக்கொரு நிபந்தனை. சட்டம், "எம் பேரு வேணாம்" என்றார். பிரேக் அக்கா, "நான் அழுதேன்னு எழுதக் கூடாது" என்றார்.

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன்.

*அந்த வீட்டின் முன்னறையில் ஒரு கோலிக்குண்டைக் கீழே வைத்தால், அது தானாகவே*

இல்லை. சாய்ந்த தரை என்றாலே எல்லோரும் கோலிக்குண்டைத்தான் உருட்டுகிறார்கள். அந்த வீட்டில் கோலிக்குண்டே கிடையாது.

*வீடுகளுக்கும் மனிதர்களைப் போல ஒரு வயதுக்கு மேல்*

இதைப் பிரேக் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "ஒரு வயசுக்கு மேல என்ன?" என்றார். வாக்கியத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது இது. அந்த வீட்டின் இடது பக்கம் இறங்கியிருந்தது. இடது பக்கம் என்றால், தெருவாசலில் நுழைந்து உள்ளே பார்த்து நிற்கும்போது இடது பக்கம். முன்னால் படுக்கையறை, அதிலிருந்து ஒரு நீளமான நடைவழி, நடைவழியின் கடைசியில் அடுப்படி. நடைவழி முழுக்க இடது சுவரோரம் தாழ்ந்தும் வலது சுவரோரம் உயர்ந்தும் இருந்தது. போதாததற்கு நடுவில் ஒரு புடைப்பு. அலமாரியின் இரண்டு கால்களுக்கு அட்டை மடித்து வைத்திருந்தார்கள். தரை துடைத்தால் தண்ணீரெல்லாம் தானாக இடது சுவரோரம் சேர்ந்துவிடும். இத்தனை வருடத்தில் அந்தத் தரையைப் பற்றிப் பிரேக் அக்கா சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

வாங்கும்போதே பழைய வீடு. குடிவந்த வாரமே, "தரைய மட்டம் பண்ணிடலாம்" என்றார் பிரேக் அக்கா. சட்டமும் தலையாட்டினார். மேஸ்திரியை அழைத்து வந்தார்கள். அவர் பிரேக் அக்காவிடம் வண்டி ஓட்டக் கற்றவர். ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

"மட்டம் பண்ணிடலாம்க்கா. ஆனா தரை இன்னும் இறங்கிட்டிருக்கா, நின்னுடுச்சான்னு முதல்ல பாக்கணும். இறங்குற தரைய மட்டம் பண்ணா அடுத்த வருஷமும் என்னைக் கூப்பிடுவீங்க. எனக்கு நல்லதுதான்."

இடது சுவரில் இருந்த விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டச் சொன்னார். வீடு அசைந்தால் கண்ணாடி உடையும். சட்டத்திடம் கண்ணாடிக்கா பஞ்சம்? அன்றைக்கே ஒட்டினார். ஒரு மழைக்காலம் போனது. கண்ணாடி உடையவில்லை.

"இன்னும் ஒரு மழை பாத்துடலாம்" என்றார் சட்டம்.

அந்த மழையிலும் உடையவில்லை. அப்புறம் மகளுக்குப் பரீட்சை வந்தது. பரீட்சை முடிந்ததும் கடைக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. மகளுக்குக் கல்யாணம் ஆகி அவள் வேறு ஊருக்குப் போனாள். வீடு இறங்குவதை எப்போதோ நிறுத்திவிட்டது. சட்டம்தான் காத்திருப்பதை நிறுத்தவில்லை.

(மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தரை ஒரே சீராக இருந்தால் 'மட்டமாக இருக்கிறது' என்கிறோம். படம் மோசமாக இருந்தாலும் 'மட்டமாக இருக்கிறது' என்கிறோம். வேலைக்குப் போகாமல் ஏமாற்றினால் 'மட்டம் போட்டான்' என்கிறோம். தரை விஷயத்தில் சட்டம் செய்தது மூன்றாவது.)

3

இங்கே எனக்கு ஒரு சங்கடம். தொழிலில் இவர் ஒரு மயிரிழைக் கோணலைப் பொறுக்கமாட்டார். வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் படம் மாட்டிவிட்டு, தெருவரை போனவர் திரும்பி வந்து சரிசெய்துவிட்டுப் போவார். இப்படிப்பட்டவர் வீட்டுத் தரையை இருபது வருடத்துக்கு மேல் கோணலாக விட்டுவைத்தார் என்றால் யார் நம்புவார்கள்?

முதல் பிரதியில் அவரைக் கஞ்சன் ஆக்கினேன். பொருந்தவில்லை. இரண்டாவதில் சோம்பேறி ஆக்கினேன். அதுவும் இல்லை, மனிதர் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பவர். மூன்றாவதில், தரையைத் தோண்டினால் அடியில் ஏதோ இருக்குமோ என்று பயந்ததாக எழுதினேன். கதை உடனே வேறெங்கோ ஓடிப்போகப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.

கடைசியில் அவரிடமே கேட்டேன். ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:

"காலைல இருந்து நேரா இருக்கா, நேரா இருக்கான்னு பாத்துப் பாத்துக் கண்ணு வலிக்கும். வீட்டுக்கு வந்தா அங்க எதுவுமே நேரா இல்ல. அப்பாடான்னு இருக்கும்."

"இத வீட்டுல சொன்னீங்களா?"

"இல்ல. மழையத்தான் சொன்னேன்."

4

ஒரு நாள் காலை பயிற்சி வண்டியில் பிரேக் அக்காவின் இடது கை மடியிலிருந்து நழுவியது. எடுத்து மடியில் வைத்தார், மறுபடி நழுவியது. இடது கால் இருக்கும் இடமே தெரியவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த பெண் அதுவரை ஒருமுறைகூட வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டியதில்லை. அன்றைக்கு அழகாக ஓரங்கட்டி நிறுத்தினாள். பிரேக் அக்கா, "இப்படித்தான் செய்யணும்" என்று பாராட்டிவிட்டு, மருத்துவமனைக்குப் போகச் சொன்னாராம்.

பக்கவாதம். இடது பக்கம். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் மருத்துவர். அதைக் கேட்டதும் சட்டம் மருத்துவமனைத் தாழ்வார நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். (அழுகை பற்றிய நிபந்தனை மனைவிக்கு மட்டும்தான்.)

நடப்பாரா என்று கேட்டதற்கு, "பயிற்சி கொடுத்துப் பாக்கலாம், இப்போதைக்குச் சக்கர நாற்காலி" என்றார்கள். அன்றே மகள் போனில் சொன்னாள்: "அப்பா, அந்தத் தரைல சக்கர நாற்காலி நிக்காதுப்பா. அம்மா வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

சட்டம் அந்த நிமிடமே மேஸ்திரியைக் கூப்பிட்டார். மழை, பரீட்சை எதுவும் குறுக்கே வரவில்லை. மேஸ்திரியும் சரியென்றார். நல்ல செய்தியோடு மனைவியின் கட்டிலருகே போனார்.

"தரைய மட்டம் பண்ணச் சொல்லிட்டேன். நீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

"எதுக்கு?"

"எதுக்கா? நாற்காலி உருள வேண்டாமா?"

பிரேக் அக்கா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"இத்தனை வருஷம் அந்த வீட்டுல நான் நடந்தேன். அப்ப மட்டம் பண்ணல. இனிமே இவ உருளத்தான் போறான்னு தெரிஞ்சதும் மட்டம் பண்றீங்க."

"ஐயோ, அப்படி இல்லம்மா..."

"அப்படித்தாங்க. நீங்க முடிவு பண்ணிட்டீங்க. டாக்டரே இன்னும் முடிவு பண்ணல."

சட்டம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் நடக்குறவரைக்கும் அந்தத் தரைல யாரும் கை வைக்கக் கூடாது. மேஸ்திரிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

(நிபந்தனை காரணமாக இங்கே ஒரு வாக்கியம் இல்லை.)

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார். "அக்காவே சொன்னாங்களா? அப்ப சரி" என்று அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

5

சக்கர நாற்காலி வீட்டுக்கு வந்த அன்றே இடது சுவரில் போய் முட்டியது. நேராகத் தள்ளினாலும் இடது பக்கம்தான் போகும்.

"இடது பக்கம் இழுக்குது. அலைன்மென்ட் பாக்கணும்" என்றார் அதில் உட்கார்ந்திருந்தவர்.

சட்டம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தார். கடையில் மிஞ்சிய மரத்துண்டுகளைக் கொண்டு வந்து, நாற்காலி நிற்கும் இடங்களிலெல்லாம் முட்டுக்கொடுத்தார். இருட்டியதும் அவரே அவற்றில் தடுக்கி விழப்போனார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிட்டார்.

நடைப்பயிற்சிக்கு ஒரு பெண் வந்தாள். எதைச் செய்து முடித்தாலும் "இன்னொரு தடவை" என்பாள். அதனால் அவளுக்கு வீட்டில் 'இன்னொரு தடவை' என்றே பெயராகிவிட்டது. அவள் இடுப்பைப் பிடித்து நிற்க வைத்தாள். நின்றதும் இன்னொரு தடவை. உட்கார்ந்ததும் இன்னொரு தடவை. பிரேக் அக்காவுக்கு அவளைப் பிடித்துப் போனது. "டீச்சர்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார்.

ஒரு காலை, வலது கையில் கோல், இடது காலில் பாதத்தைத் தாங்க ஒரு பட்டை. படுக்கையறை வாசலிலிருந்து பிரேக் அக்கா நடைவழியில் இறங்கினார். பெரிய கண்ணாடியைத் தூக்கப்போகிறவர் மாதிரி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சட்டம் பின்னாலேயே போனார். கோல், வலது கால், இழுத்து இடது கால். கோல், வலது கால், இடது கால். புடைப்பையும் தாண்டி அடுப்படிக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். சட்டத்துக்குக் கால் தரையில் இல்லை.

"இப்பத் திரும்பி வாங்க" என்றாள் 'இன்னொரு தடவை'.

திரும்பினார். முதல் அடியிலேயே இடது பாதத்தின் நுனி தரையில் தடுக்கியது. இரண்டாவதிலும் தடுக்கியது. மூன்றாவதில் சட்டம் பிடித்தார். இருவரும் சேர்ந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும். போக முடிந்தது. வர முடியவில்லை. 'இன்னொரு தடவை' குனிந்து தரையைப் பார்த்தாள், பாதத்தைப் பார்த்தாள், அப்புறம் விளக்கினாள்: இடது பாதத்தை முழுசாகத் தூக்க இன்னும் பலம் வரவில்லை. அடுப்படிக்குப் போகும்போது இடது கால் தாழ்ந்த பக்கத்தில் இருக்கிறது. தரை விலகிக் கொடுப்பதால் தடுக்காமல் போகிறது. திரும்பி வரும்போது அதே கால் உயர்ந்த பக்கத்துக்கு வந்துவிடுகிறது.

"போறப்ப தரை உங்களுக்கு உதவுதுக்கா. வர்றப்ப உதவல."

பிரேக் அக்கா அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இந்த வீட்டுல பொம்பளைக்கு அடுப்படிக்குப் போக வழி இருக்கு. வெளிய வரத்தான் வழி இல்ல."

'இன்னொரு தடவை' சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் மற்ற இருவரும் சிரிக்கவில்லை என்று கவனித்தாள்.

(இதை நான் யோசித்து எழுதியிருந்தால், கருத்துச் சொல்கிறான் என்று அந்த வரியை நானே அடித்திருப்பேன். இடது பக்கம் இறங்கிய வீடு, இடது பக்கம் விழுந்த பெண். கதையில் இப்படி இடது இடதாகப் பொருந்தக் கூடாது. ஒரு பிரதியில் வலது காலுக்கு மாற்றிப் பார்த்தேன். அப்போது அவரால் அடுப்படியிலிருந்து வெளியே வர மட்டும் முடிந்தது. கதை அந்த இடத்திலேயே முடிந்துபோனது. திரும்ப இடதுக்கே வந்துவிட்டேன்.)

தினமும் காலையில் அடுப்படிக்கு நடந்து போவார், நாற்காலியில் திரும்பி வருவார். நடுவில் அங்கேயே உட்கார்ந்திருப்பார். இப்போது சமைப்பது சட்டம். பக்கத்தில் இருப்பவரோ இருபத்தைந்து வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பழகியவர்.

"பதறாதீங்க. முதல்ல அடுப்பச் சின்னதா வைங்க. இப்ப ஊத்துங்க. மெதுவா... மெதுவா... விடுங்க, விடுங்க, அவ்வளவுதான். வலது பக்கம் பாத்தீங்களா? பால் பொங்குது."

6

அப்படி ஒரு காலையில் பிரேக் அக்கா சொன்னார்: "மேஸ்திரிய வரச் சொல்லுங்க."

"எதுக்கு?" இந்த முறை கேட்டது சட்டம்.

"தரைய மட்டம் பண்ணணும். நான் நடக்குறவரைக்கும்னுதானே சொன்னேன்? நடந்துட்டேன்."

சட்டம் கரண்டியைக் கீழே வைத்தார். நியாயமாகப் பார்த்தால் அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். (நானும் இங்கே *சட்டத்தின் முகம் மலர்ந்தது* என்று தொடங்கி எழுதிவிட்டேன். அவர்தான் இல்லை என்று தலையை ஆட்டினார்.) அவருக்கு வந்தது பயம்.

"வேணாம்மா. இப்பத்தான் நடக்குற. நடக்குறது இந்தத் தரைலதான். இத எடுத்துட்டா?"

"இது நடை இல்லீங்க. ஒரு பக்கமா இழுத்துட்டுப் போறது."

"எதுவோ. போற இல்ல? நேராக்கி, அதுவும் போயிடுச்சுன்னா?"

'இன்னொரு தடவை'யைக் கேட்டார்கள். அவள் பொய் சொல்லத் தெரியாத பெண். "மட்டமான தரைல ரெண்டு பக்கமும் நடந்தாலும் நடக்கலாம். ரெண்டு பக்கமும் தடுக்கினாலும் தடுக்கலாம். நடந்து பாத்தாத்தான் தெரியும்" என்றாள். மகளுக்குப் போன் போட்டார் சட்டம். முன்பு அவசரப்படுத்தியவள் இப்போது, "கொஞ்ச நாள் போகட்டும்ப்பா, அம்மாவுக்கு இன்னும் பலம் வரட்டும்" என்றாள். போனை மனைவியிடம் நீட்டினார். பிரேக் அக்கா வாங்கவில்லை.

"யாரும் யாரையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம். நீங்க என்ன சொல்றீங்க?"

"இன்னும் ஒரு மழை பாத்துடலாம்" என்றார் சட்டம்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. அடுப்பில் ஏதோ தீய்ந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், யாரும் அணைக்கவில்லை.

"மேட்டுல வண்டி நிக்குது" என்றார் பிரேக் அக்கா, குரலை உயர்த்தாமல். "எடுத்தா பின்னாடி உருண்டுடுமோன்னு பயம். அதனால கால பிரேக்கிலேயே வச்சிருக்கோம். எவ்வளவு நேரம்? பின்னாடி வர்றவன் என்ன பண்ணுவான்? ஒரு நிமிஷம் உருளத்தான் செய்யும். உருளட்டும்னு காலை எடுக்கணும்."

"எனக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியாதே."

"அதான் தெரியுதே."

அந்த ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர் கணவருக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் ஒவ்வொரு வருடமும் கற்றுக்கொள்வதாகத்தான் சொன்னார்.

சட்டம் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார்: "விழுந்துட்டா?"

"விழுந்தா விழறேன். அடுப்படிலயே பாதி நாள் உக்காந்திருக்கறதுக்கு விழறது எவ்வளவோ மேல். நீங்க எனக்காகப் பயப்படுறீங்கன்னு தெரியுது. ஆனா கால் என்னோடது."

மேஸ்திரியைக் கூப்பிட்டது சட்டம் இல்லை. பிரேக் அக்காவே போன் போட்டார்.

7

வேலை நடந்த விதத்தை நான் விரிவாக எழுதியிருந்தேன். சிமெண்டு வாசனை, புடைப்பைக் கொத்திய சத்தம், தூசி. படித்துப் பார்த்தபோது கட்டட வேலைக் கையேடு மாதிரி இருந்தது, எடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் மிச்சம். மேஸ்திரி கடைசியாக ஒரு கலவையைக் கரைத்து ஊற்றினார். பால் மாதிரி ஓடியது. கரண்டி போட்டுத் தேய்க்க வேண்டாம், தானே தன் மட்டத்தைத் தேடிக்கொண்டு நிற்கும் என்றார்.

"காயறவரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாது. ஒரு அடி வச்சாலும் அந்தத் தடம் அப்படியே நின்னுடும்."

காயும்வரை இருவரும் கடையில் தங்கினார்கள். பிரேக் அக்கா காலிச் சட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களிடம் எந்தப் படத்துக்கு எந்த நிறம் பொருந்தும் என்று சொன்னார். வியாபாரம் கொஞ்சம் கூடியது. சட்டம் ஒரு சட்டத்தைத் தவறாக வெட்டினார், பல வருடங்களில் முதல்முறையாக.

8

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஒன்றில், அவர் போகிறார், வருகிறார். சட்டத்துக்கு இதுதான் வேண்டும். எழுதும்போது என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

இன்னொன்றில், போகவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை. தயங்கித் தயங்கி இதைப் பிரேக் அக்காவிடம் படித்தேன். "எழுதுங்க, எனக்கொண்ணும் இல்ல. ஆனா அதோட நிறுத்தினா எப்படி? அதுக்கு மறுநாள் நான் என்ன பண்ணேன்னும் எழுதணும்ல?" என்றார். எனக்கு மறுநாள் தோன்றவில்லை.

மூன்றாவதில், தரை நேரானதும் திரும்பி வர முடிகிறது, அடுப்படிக்குப் போகத்தான் முடியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மேஸ்திரி கதவைத் திறந்துவிட்டு, ரசமட்டத்தை நடைவழியில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி ஒதுங்கி நின்றார். சாம்பல் நிறத்தில், ஒரு சுருக்கம் இல்லாமல், தரை அடுப்படிவரை போனது. படுக்கையறை வாசலில் சக்கர நாற்காலி, அதில் பிரேக் அக்கா. முட்டு இல்லாமலே அது நின்றது.

"இரு, நான் முதல்ல போய்ப் பாத்துடறேன்" என்றார் சட்டம்.

நடந்தார். பாதி தூரத்தில், புடைப்பு இருந்த இடத்தில், அவருடைய கால் தானாகப் புடைப்பைத் தாண்டத் தூக்கிக்கொண்டது. அங்கே புடைப்பு இல்லை. தூக்கிய கால் எதிர்பார்த்த இடத்தில் தரை கிடைக்காமல் தடுமாறியது. உடம்பு பழக்கத்தில் வலது பக்கம் சாய்ந்தது. சுவரைப் பிடிக்கப் பார்த்தார், கைக்கு எட்டவில்லை. முழங்காலை மடித்து அப்படியே விழுந்தார்.

"ஐயோ சார்!" மேஸ்திரி ஓடப் பார்த்தார். பிரேக் அக்கா கையை நீட்டி அவரைத் தடுத்தார்.

"ஒண்ணும் ஆகல. எழுந்திரிங்க. பதறாதீங்க. கால பாக்காதீங்க, போற இடத்தப் பாருங்க."

சட்டம் எழுந்தார். போகிற இடத்தைப் பார்த்து, புதிதாக நடக்கப் பழகுகிறவர் மாதிரி அடியெடுத்து வைத்தார். அடுப்படிவரை போய்ச் சேர்ந்தார். திரும்பினார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: தான் இந்தக் கோடியில் இருக்கிறார், மனைவி அந்தக் கோடியில் இருக்கிறார், மனைவிக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டு நிற்க ஆள் இல்லை.

பிரேக் அக்கா நாற்காலியின் பிரேக்கைப் போட்டார். கோலை ஊன்றினார். எழுந்து நின்றார்.

"இரு இரு, வர்றேன்" என்று சட்டம் ஒரு அடி வைத்தார்.

"நீங்க அங்கயே நில்லுங்க. பிடிக்க வராதீங்க."

நின்றார். கைகள் மட்டும் இருபுறமும் கொஞ்சம் விரிந்தன. அவற்றை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று கடையில் செய்து காட்டினார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

அதற்கு மேல் நடந்ததையும் சொன்னார்கள், இருவருமே. எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் உடனே யார் சொன்னது சரி என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவீர்கள். அந்த நேரத்தில் அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது. தெரியாமல்தான் தரையை மட்டமாக்கினார்கள்.

கோல் ஊன்றியாகிவிட்டது. வலது கால் வைத்தாகிவிட்டது. இடது காலை இன்னும் எடுக்கவில்லை. அதை எடுத்து வைக்கும் வேலையை உங்களிடம் விடுகிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிடிக்க வர வேண்டாம் என்று அவர் சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான்.